கடலில்தானே விடுகிறோம்!

"கடல் ஏற்கெனவே உப்புத்தானே, தோழர்! நம்முடைய சாயத் தண்ணீரிலே இருப்பதும் உப்புத்தானே! உப்பைக் கொண்டுபோய் உப்போடு சேர்த்துவிட்டால் யாருக்கு என்ன நட்டம்?"

திருப்பூரில், இரவு ஷிப்டு முடிந்து கூட்டம் கூடும் தேநீர்க் கடை ஒன்றில் ஒரு தோழர் இப்படிக் கேட்டார். சாயப்பட்டறையிலே பல ஆண்டு உழைத்தவர். நகக்கண்ணிலே நீலம் இன்னும் போகவில்லை. கேலிக்காகக் கேட்டவரல்ல, வயிறெரிந்து கேட்டவர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடச் சொன்னபோது, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறியவர்களில் அவரும் ஒருவர். மறுபடி பட்டறை திறந்தது, வேலைக்கு வந்தார். ஆனால் அன்று பட்ட அடி மறக்கவில்லை. சுத்திகரிப்பு நிலையத்தின் செலவு ஏறுகிறது என்று முதலாளி முணுமுணுக்கும்போதெல்லாம், "மறுபடியும் மூடிவிடுவார்களோ" என்று அவர் நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்பிலே பிறந்த கேள்வி அது. ஆகவே, "போய்யா, உனக்கு ஒன்றும் தெரியாது" என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அன்று டீக் குடித்து முடிப்பதற்குள் பதில் சொல்லவும் முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

பருத்தி நூலிலே சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். உப்புத்தான் சாயத்தை நூலை நோக்கித் தள்ளுகிறது. சாயம் துணியோடு போய்விடுகிறது. உப்போ தண்ணீரோடு வெளியே வருகிறது. அந்தத் தண்ணீர் நொய்யலுக்குப் போயிற்று. 1992இல் கட்டி முடிந்த ஒரத்துப்பாளையம் அணையிலே தேங்கிற்று. பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயக் குட்டையாயிற்று. கீழே இருந்த உழவனின் கிணறு கெட்டது, தென்னை வாடிற்று. அவன் நீதிமன்றப் படியேறினான். நியாயம் அவன் பக்கம் இருந்தது. ஒரு சொட்டும் வெளியே விடாதே, தண்ணீரைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்து, உப்பைக் காய்ச்சி எடு என்று உத்தரவாயிற்று. சவ்வு வைத்து வடிக்க வேண்டும், கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டும், கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை மூட்டை கட்டி அடுக்க வேண்டும். இத்தனைக்கும் பணம். பனியனை வாங்குகிற சீமைக் கம்பெனியோ, ஒரு காசு கூட்டிக் கொடு என்றால் அடுத்த நாட்டுக்காரனைக் காட்டுகிறான்.

இந்த இடுக்கிலேதான் அந்த யோசனை முளைத்தது. ஆற்றில் விடக் கூடாதா, சரி. குழாய் போட்டுக் கடலுக்கே கொண்டுபோய் விட்டால்? 2011க்கு முன்பும் பின்பும் இது பலமாகப் பேசப்பட்ட யோசனை. இன்றும் தேநீர்க் கடையிலே உயிரோடு இருக்கிறது.

கடல் பெரிது, அதிலே எதைக் கொட்டினாலும் கரைந்துபோகும், கெட்டாலும் கொட்டிய இடத்தைச் சுற்றி நாலு முழம் கெடும், மற்ற இடம் நன்றாயிருக்கும். இந்த யோசனைக்கு அடியிலே படுத்திருக்கும் எண்ணம் இதுதான். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், முத்துக்குளிப்பின் கதையைப் படிக்கிற வரையில்.

தூத்துக்குடிக் கடலிலே, கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, கடலடியிலே பாறைத் திட்டுகள் இருக்கின்றன. 'பார்' என்பார்கள் மீனவர்கள். தொலாயிரம் பார் என்று ஒன்று. அதிலே முத்துச்சிப்பி விளைந்தால் ஊரே விழாக் கோலம் கொள்ளும். எதிர்க்கரையிலே, இலங்கையின் சிலாவத்துறைக்கு நேரேயும் இதுபோலப் பார்கள் உண்டு. இரண்டு கரையிலும் மூச்சைப் பிடித்துக் கடலடிக்கு இறங்கியவர்களில் பெரும் பங்கு தமிழ் பேசும் பாட்டாளிகள். இடுப்பிலே கூடை, காலிலே கல். மூக்கிலும் காதிலும் இரத்தம் வரக் குளித்தான் ஒருவன்; முத்தை அணிந்தாள் வேறொருத்தி. அந்தக் கதை நமக்குப் புதிதல்ல.

புதிது வேறு. முத்துச்சிப்பி நினைத்த ஆண்டில் விளையாது. ஓர் ஆண்டு கோடிக்கணக்கில் கிடக்கும். அடுத்த ஆண்டு பார் வெறும் பாறையாக இருக்கும். பத்து இருபது ஆண்டுகள் ஒரு சலாபமும் நடக்காமல் போனதுண்டு. திடீரென்று மறுபடி சிப்பி வந்து நிற்கும். எங்கிருந்து வந்தது? எங்கே போயிற்று? வருமானம் போய்விட்டதே என்று கவலைப்பட்ட இலங்கையின் வெள்ளைக்கார சர்க்கார், லிவர்பூலிலிருந்து ஹெர்ட்மன் என்ற பேராசிரியரை 1902இல் வரவழைத்தது. அவரோடு வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்துறைக்கே தலைவரானவர்.

ஹெர்ட்மன் பார்த்தவற்றில் ஒரு பாருக்குப் பெயர் பெரிய பார். பதினொரு கடல் மைல் நீளம். கரையிலிருந்து ஏறத்தாழ இருபது மைல் தள்ளி, ஆழ்கடல் சரிந்து இறங்கும் விளிம்பிலே கிடந்தது. இருபத்தோராண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். பதினொரு முறை அந்தப் பாரிலே சிப்பிக் குஞ்சு எண்ணிலடங்காமல் வந்து மூடியிருக்கிறது. பதினொரு முறையும், முத்து விளையுமுன்பே, அடுத்த பார்வைக்குள் மாயமாய் மறைந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று கடலைக் கலக்கி, குஞ்சுகளை மணலிலே புதைத்தது. அல்லது ஆழத்திலே தள்ளிற்று. ஒரு காசு வருமானம் தராத பார்! இருக்கிற பார்களிலேயே எரிச்சல் மூட்டும் பார் இதுதான் என்று துரை சலித்துக்கொண்டார்.

அதே பாரைக் கடலோர மக்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் தெரியுமா? தாய்ப் பார்! அங்கே வந்து போகிற கோடானு கோடிக் குஞ்சுகள்தான் உள்ளே கரைப் பக்கம் இருக்கும் பார்களுக்குப் போய்க் குடியேறுகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. உள்ளூர்க்காரர்களின் எண்ணம் இது என்று ஹெர்ட்மன் தம் உரையில் குறித்துவைத்தார்.

குளித்தவன் சொன்னது முற்றும் சரியா? இல்லை. பாறையிலே ஒட்டிக்கொண்ட சிப்பி, பெயர்த்துக்கொண்டு பத்து மைல் பயணம் போகாது. ஆனால் ஒரு பாரின் பிள்ளை இன்னொரு பாரிலே குடியேறுகிறது, ஒன்றுக்கு ஒன்று தாயாக இருக்கிறது என்றானே, அந்த அடிப்படையிலே அவன் சரி. பிற்காலத்து விஞ்ஞானம் ஒப்புக்கொண்ட உண்மையை, எழுத்தறியாதவன் என்று துரைமார் எண்ணியவன் தன் பாஷையிலே சொல்லிவிட்டான்.

எப்படிப் போகிறது பிள்ளை? ஆண் சிப்பியும் பெண் சிப்பியும் சந்திப்பதே இல்லை. பெண் இலட்சக்கணக்கான முட்டைகளைக் கடலிலே விடும். ஆணும் விதையைக் கடலிலேயே விடும். சேர்த்து வைப்பது தண்ணீர். ஒரு நாளைக்குள் ஆங்கில 'டி' எழுத்தின் வடிவத்திலே மெல்லிய ஓடு கட்டிக்கொண்டு ஓர் உயிர் நீந்தத் தொடங்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத உருவம். இதற்கு லார்வா என்று பெயர். தாயைப் போலவே இராது. தாய் இருக்கும் இடத்திலும் இராது. மிதக்கும், மேயும், வளரும். கண் போல ஒரு புள்ளி தோன்றும், பிறகு ஒரு கால் முளைக்கும். மூன்று வாரத்துக்குமேல் கடந்தபின், காலால் தடவித் தடவி நல்ல பாறையாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் கண்ணாடித் தொட்டியிலே வளர்த்துக் காட்டியவர்கள் தூத்துக்குடியிலே இருக்கும் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார். 1973இல் சிப்பிக்குள் முத்தை விளைவித்தார்கள். 1981இல் முட்டையிலிருந்து சிப்பிக் குஞ்சையே வளர்த்தெடுத்தார்கள்.

இப்போது கணக்குப் போடுவோம். நீரோட்டத்தை நம் மீனவர்கள் 'நீவாடு' என்பார்கள். மணிக்கு அரைக் கிலோமீட்டர் போகிற சோம்பேறி நீவாடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர். மூன்று வாரத்தில் 252 கிலோமீட்டர்! தூத்துக்குடிக்கும் சிலாவத்துறைக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். அதற்காக எல்லாம் அக்கரை சேர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். நீவாடு ஒரே திக்கில் போவதில்லை. ஏற்றவற்றம் முன்னும் பின்னும் இழுக்கும், சுழி பிடித்துச் சுற்றும், தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஒரு பக்கம், வாடைக் காலத்தில் மறுபக்கம். லார்வாவும் சும்மா மிதக்கும் தக்கை அல்ல. மேல் தண்ணீருக்கும் அடித் தண்ணீருக்கும் ஏறி இறங்கும். மேலே ஒரு திசை, கீழே ஒரு திசை என்று ஓட்டம் இருந்தால் அந்த ஏற்ற இறக்கமே அதன் ஊரை முடிவு செய்துவிடும்.

திருப்பூர்த் தோழருக்கு இதை விளக்கவா வேண்டும்! நம் பவர் டேபிளிலே தைக்கிறவர் தேனிக்காரர், செக்கிங்கிலே நிற்கும் அம்மா திண்டுக்கல், கைமடிக்கிற பையன் ஒடிசா, அயர்ன் போடுகிறவர் பீகார். இந்த ஊர் தானே பெற்ற பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு பனியன் ஊராகவில்லை. எங்கோ ஓர் ஊரிலே மழை பொய்த்தால் இங்கே ஆள் கூடுகிறது; அங்கே தீபாவளிக்குப் போன ரயில் திரும்பாவிட்டால் இங்கே மெஷின் நிற்கிறது. அதுபோலத்தான் கடலடியும். சில பார் பிள்ளை அனுப்புகிற பார். சில பார் பிள்ளை வாங்குகிற பார். வாங்குகிற பாரிலே கொழுத்த சிப்பி கிடக்கும், முத்து விளையும், சர்க்கார் ஏலம் போடும். அனுப்புகிற பாரோ, பார்வைக்கு ஒன்றுமில்லாத இடமாக இருக்கலாம். அதைக் கெடுத்தால், கேடு தெரிவது நூறு மைலுக்கு அப்பால், இரண்டு மூன்று ஆண்டு கழித்து. அப்போது யார் யாரைக் குற்றஞ்சாட்டுவது?

இதை அளக்க முடியுமா என்று கேட்கலாம். அளந்திருக்கிறார்கள், அதுவும் நம் தொழிலைக் கொண்டே! ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டிலே லிசார்டு தீவு என்று ஒரு தீவு. அங்கே ஒரு சிறு மீனின் கருக்கள் ஒரு கோடிக்கு மேல் எடுத்து, ஒளிவிடும் மருந்திலே நனைத்து, காதுக்குள் இருக்கும் கடுகளவுக் கல்லிலே அடையாளம் ஏறும்படி செய்தார்கள். சாயம் போட்டார்கள் என்றே சொல்லலாம்! பிறகு கடலிலிருந்து திரும்பி வந்த குஞ்சுகளில் 5000 பிடித்துக் காதைச் சோதித்தார்கள். பதினைந்தில் சாயம் இருந்தது. ஐயாயிரத்துக்குப் பதினைந்துதானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். சாயம் போட்டது மொத்தக் கருவில் மிகச் சிறு பங்குக்குத்தான். அந்த விகிதத்தைக் கணக்கிட்டால், திரும்பிய குஞ்சுகளில் நூற்றுக்குப் பதினைந்து முதல் அறுபது வரை அதே தீவிலே பிறந்தவை என்று விடை வந்தது. 1999இல் வெளியான இந்த முடிவு விஞ்ஞானிகளையே வியக்க வைத்தது. எல்லாம் எங்கெங்கோ அடித்துக்கொண்டு போய்விடும் என்றல்லவா அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள்!

ஆகவே, ஒரு பங்கு பிறந்த வீட்டுக்கே திரும்புகிறது; மறு பங்கு அயலூர் போகிறது. கொட்டின இடத்தோடு கேடு நிற்கும் என்பதும் பொய். கெட்ட இடத்துக்கு எங்கிருந்தாவது புதுப் பிள்ளை வந்து சேர்ந்துவிடும் என்பதும் பொய்.

"சரி, அதற்கும் நம் உப்புக்கும் என்ன?" என்று அந்தத் தோழர் மடக்குவார். உப்பு மட்டுமா போகிறது, தோழரே? சாயத்தின் மிச்சம் போகிறது, உலோகத் துணுக்கு போகிறது, துவைக்கும் மருந்தும் வெளுக்கும் மருந்தும் போகின்றன. வளர்ந்த சிப்பி இவற்றைத் தாங்கிக்கொள்ளும். ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள் கணக்கிலே கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு, "உயிரோடுதான் இருக்கிறது, பாருங்கள்" என்று அறிக்கை எழுதலாம். பிள்ளைக்கு மூடிக்கொள்ள என்ன இருக்கிறது?

பிரான்சு நாட்டிலே அர்க்கஷோன் என்று ஒரு விரிகுடா. சிப்பி வளர்த்து விற்றே பிழைக்கும் ஊர்கள். 1970களின் பிற்பகுதியில் அங்கே சிப்பிக் குஞ்சு ஒட்டுவது ஆண்டுக்கு ஆண்டு பொய்த்தது. தாய்ச் சிப்பிகள் இருந்தன, முட்டையிட்டன. லார்வாக்கள்தான் சில நாளிலே மடிந்தன. எதனால்? படகின் அடியிலே பாசி பிடிக்காதிருக்கப் பூசுகிற பெயிண்டிலே வெள்ளீயம் கலந்த ஒரு நஞ்சு இருந்தது. உல்லாசப் படகுகள் நின்ற இடத்திலே அது தண்ணீரிலே கசிந்தது. கசிந்தது கொஞ்சம், மிக மிகக் கொஞ்சம்! 1982இல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு அந்தப் பெயிண்டைத் தடை செய்தார்கள். சிப்பிக் குஞ்சு திரும்பி வந்தது. உல்லாசப் படகு வைத்திருந்தவனுக்குப் பெயிண்டு செலவு கொஞ்சம் கூடியிருக்கும். சிப்பிக்காரன் வீட்டிலே அடுப்பு எரிந்தது.

இந்த மென்மையைக் கண்டுகொண்ட விஞ்ஞானிகள் அதையே அளவுகோலாக்கிவிட்டார்கள். ஒரு தண்ணீர் கடலுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்க்க, அந்தத் தண்ணீரிலே சிப்பியின் கருவைப் போடுகிறார்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து, எத்தனை கரு ஒழுங்கான 'டி' வடிவ ஓட்டோடு நிற்கிறது என்று எண்ணுகிறார்கள். தண்ணீர் தெளிவாயிருக்கலாம், நாற்றமில்லாதிருக்கலாம். கரு கோணினால் தண்ணீர் தோற்றது. பல நாடுகளிலே வழக்கத்திலிருக்கும் சோதனை இது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் கதை அரைகுறை. பிள்ளைகளைக் கொண்டுபோவது நீவாடு மட்டுமல்ல, கப்பலும் கொண்டுபோகிறது. சரக்கில்லாத கப்பல் தள்ளாடாமல் இருக்க வயிற்றிலே கடல் நீரை நிரப்பிக்கொள்ளும். போய்ச் சேர்ந்த துறைமுகத்திலே கொட்டும். அந்த நீரிலே ஓர் ஊரின் லார்வா முழுவதும் இருக்கும். அமெரிக்கக் கண்டத்து வெப்பக் கடற்கரைகளைச் சேர்ந்த ஒரு சிறு மட்டி, வயிற்று நீரிலே மிதந்தோ கப்பலின் அடியிலே ஒட்டியோ நம் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் பழவேற்காட்டுக்கும் வந்துவிட்டது. மீனவர்கள் அதற்குக் 'காக்கா ஆழி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆற்றடியைப் பாய் விரித்ததுபோல மூடி, கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் பிழைப்பிலே மண் போட்டிருக்கிறது. வயிற்று நீரைச் சுத்தம் செய்தே கொட்ட வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் 2004இல் எழுதப்பட்டு, நடைமுறைக்கு வந்தது 2017இல்! பதின்மூன்று ஆண்டு! காக்கா ஆழி காத்திருக்குமா?

மன்னார் வளைகுடாவுக்குத் திரும்புவோம். 1905இல் இலங்கைப் பக்கம் ஒரே சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி அள்ளினார்கள். ஆசை மூண்டது, மறு ஆண்டே ஒரு சீமைக் கம்பெனி இருபது ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு அள்ளச் சிப்பி இல்லை, கம்பெனி கவிழ்ந்தது. நம் பக்கம் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் சலாபம் நடந்தது; 1961தான் கடைசி. அதற்குப் பிறகு 1974இலும் 1976இலும் இரண்டு சர்க்கார்களும் கடலிலே எல்லைக் கோடு போட்டன. கோட்டைத் தாண்டினாய் என்று மீனவன் சிறைப்படுகிறான். லார்வாவுக்கு அந்தக் கோடு தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் நிற்கின்றன. அந்த நாட்களில் இங்கே பிறக்கும் குஞ்சில் ஒரு பங்கு அக்கரை மீனவனின் வலையிலே விழும். அங்கே அடிமடி வலையால் கடலடியை வழிக்காமல் காத்த இடத்தின் பிள்ளையில் ஒரு பங்கு நம் இராமேசுவரத்தான் வலைக்கு வரும். 2017இல் இலங்கை அடிமடி இழுவையைச் சட்டம் போட்டுத் தடுத்தபோது அதைப் பகைமை என்று மட்டுமே நம்மில் பலர் பார்த்தோம். இரண்டு கரையின் உழைப்பாளியும் உட்கார்ந்து பேசினால், பேச்சுக்கு முதல் பொருள் இதுவாகத்தான் இருக்கும்: யார் கரையிலே யாருடைய தாய்ப் பார் இருக்கிறது?

இனி, தேநீர்க் கடைத் தோழருக்கு. உங்கள் அச்சம் நியாயமானது. பட்டறை மூடினால் முதலில் பட்டினி கிடப்பவர் நீங்கள்தான், முதலாளியல்ல. நொய்யல் உழவனை மிதித்தபோது நம்மிலே சிலர் வாய் திறக்கவில்லை. வேலை போகுமே என்று பயந்தோம். கடைசியில் உழவனும் கெட்டான், வேலையும் போயிற்று. இப்போது உழவன் இருந்த இடத்திலே, நாம் முகம் அறியாத ஒரு மீனவனை நிறுத்தப் பார்க்கிறது இந்தக் குழாய் யோசனை. நம் பனியன் பெட்டிகள் கப்பலேறும் தூத்துக்குடியிலே, அதே துறைமுகத்தின் பக்கத்திலே குடியிருப்பவன் அவன்.

உப்பைக் காய்ச்சி எடுக்கும் செலவை யார் ஏற்பது என்பதுதான் வழக்கு. பனியனை வாங்குகிறவன் விலையிலே ஏற்கட்டும். சர்க்கார் மானியத்திலே ஏற்கட்டும். மிஞ்சும் கலப்பு உப்பைப் பிரித்து மறுபடி பட்டறைக்கே பயன்படுத்தும் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கட்டும். அடுத்த கூலிப் பேச்சுக்குச் சங்கம் தீர்மானம் எழுதும்போது இவற்றை எழுதுங்கள். கூடவே ஒரு வரி: கடலுக்குக் குழாய் என்று எவர் எந்தக் காலத்திலே திட்டம் நீட்டினாலும், அந்தத் தண்ணீரிலே முத்துச்சிப்பியின் கருவைப் போட்டு, தென்மேற்குக் காற்றுக் காலத்திலும் வாடைக் காலத்திலும் எண்ணிக் காட்டட்டும். எண்ணும்போது இரண்டு கரை மீனவர் சங்கத்தாரும் பக்கத்திலே நிற்கட்டும்.